மூட்டை கட்டியவர் பேர்

— ஃபைல் எல்லாத்தையும் ஜிப் மூட்டையாவே அனுப்பிடலாம் அண்ணி.

— ஏன் அந்த ஜிப்பையே கட்டிக்கிட்டு அழற? டார் மூட்டையா அனுப்பு.

— ஜிப்னா விண்டோஸ், மேக், எதுலயும் பிரியும்...

— பிரியும். ஓடுமா? ஆஸ்பத்திரியில இருக்கறது லினக்ஸ். அவங்க ஜிப்பப் பிரிக்கற விதத்துல 'இத ஓட்டலாம்'ங்கற அனுமதி உதிர்ந்துடும். நோயாளிக்கு மூச்சு தடுமாறினா அடிக்க வேண்டிய அலாரம் ப்ரோகிராம் தம்பி இது. பாட்டுப் பொட்டி இல்ல.

— டார்ல... பேர் வருது.

— என்ன பேர்?

— மூட்டை கட்டினவன் பேர். ஒவ்வொரு ஃபைல் பக்கத்துலயும் ஒட்டிக்கிட்டே வரும். நம்ம ஜிப்ல அது வராது.

— உன் பேர் வந்தா என்ன, கிரீடம் எறங்கிடுமா?

— என் பேரா இருந்தா நான் ஏன் அண்ணி...

— தள்ளு, நான் பாக்கறேன்.

— வேணாம்.

— தள்ளுங்கறேன்ல... இது உங்க அண்ணன் பேரு.

— ம்.

— அவர் கம்ப்யூட்டர்லயா கட்டின?

— அதத்தான் வித்தாச்சே. அவர் போயே ரெண்டு மாசம். இது புது லேப்டாப். இதுல அவர் பேரே கெடையாது.

— பேர மாத்திக் கட்ட வழி இருக்கே.

— மூணு தடவ மாத்திட்டேன்.

— என் கண்ணு முன்னால கட்டு.

— பாருங்க... என் பேர் குடுக்கறேன். கட்டியாச்சு. இப்ப பிரிக்கறேன்...

— மறுபடியும் அவர் பேரேதான்.

— பாத்தீங்களா?

— இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. இந்த நிமிஷம்.

— அவர் செத்தாருன்னு எழுதிக் குடுத்ததே அந்த ஆஸ்பத்திரிதான். இதப் பாத்தா நம்மள உள்ள விடுவாங்களா? நாலு மணிக்குள்ள அனுப்பணும் அண்ணி. ஜிப்தான்.

— அவங்க என்னமோ நெனச்சுட்டுப் போறாங்க. அலாரம் அடிக்கணும்.

— ஜிப்லயும் அடிக்கும். 'ஓட்ட அனுமதிய நீங்களே குடுத்துக்குங்க'ன்னு குறிப்புல ஒரு வரி எழுதிடறேன்.

— எவன் படிப்பான்?

— போன தடவயும் எழுதினேனே...

— போன தடவயா?

— இல்ல... பொதுவாச் சொன்னேன்.

— போன தடவ டார்னு சொன்ன. நான் ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் டார்னு சொன்ன.

— அவங்களுக்கு டார் பிரிக்கத் தெரியல அண்ணி. போன் மேல போன். தொல்ல விட்டா போதும்னு ஜிப்ல...

— அவர் அங்க படுத்திருந்த வாரம்.

— அதே வாரந்தான் அண்ணி.

— நான் கட்டில் பக்கத்து நாற்காலியிலயே தூங்கிட்டேன். ஏதாவது ஆனா நம்ம அலாரம் எழுப்பிடும்னு.

— அடிச்சுதாமே அண்ணி. நர்ஸே சொன்னாங்க, அடிச்சதும் ஓடி வந்தோம்னு...

— அடிக்கல.

— தூங்கிட்டிருந்தேங்கறீங்க. அப்புறம் எப்படித் தெரியும்? யார் சொன்னா?

— யார் சொல்லுவா? அப்ப முழிச்சிட்டிருந்தது அவர் ஒருத்தர்தான்.