புறங்கை

பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. புதுக் கம்பி பாத்திரக் கடை மாதிரி சத்தம் போடும். ஒரு வருஷம் விரல் அழுக்கு ஏறி, பளபளப்பு செத்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும். என்னுடைய சிவப்பு பேஸில் இப்போது இருக்கிற கம்பிகளுக்குப் பதினெட்டு வயது. இதைச் சொன்னால் மற்ற வாத்தியக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்கவில்லை, சார். நன்றி. டீயும் நன்றாக இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எது முதல் என்பதில்தான் எனக்குக் குழப்பம். இருபது வயதில் ஓர் ஓட்டை கிட்டார் கிடைத்தது. அதில் மெல்லிய கம்பி இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு மீதி நாலைத் தளர்த்தி வாசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கழுத்து வளைந்த ஒரு பேஸ். மூன்றாவதாக வந்தது இந்தச் சிவப்பு. ஐந்து கிலோ எடை. முப்பத்தொரு வருஷம் அது இடது தோளில் தொங்கியதில் அந்தத் தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரர் ஒவ்வொரு தடவையும், "சார், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்பார். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருப்பேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணன் கிட்டார்ல ஆறு கம்பி இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் நாலே நாலு குடுத்திருக்காங்க?" என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உண்மையிலேயே கவலைப்பட்டாள். பிறகு பல வருஷம் அதை நினைத்துச் சிரித்திருக்கிறோம். அவள் சொன்ன அண்ணன்தான் மச்சான். குழுவின் பாடகர். குழுவே அவருடையது. ஆறு கம்பிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மைக்குக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டை ஒட்டி வைத்துப் பாடுவார். கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வரும். எனக்கு அதில் பொறாமை கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். மூடப்போகிற ஒரு தியேட்டரிலிருந்து வாங்கியது. வால்வு வைத்த பழைய காலத்துப் பெட்டி. போட்டதும் பேசாது. இரண்டு நிமிஷம் சூடாகி, பிறகுதான் குரல் வரும். இரண்டு ஆள் தூக்கவேண்டிய எடை. இருபத்தாறு வருஷம் நான் ஒருத்தனே தூக்கினேன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், "என்ன வேலை பார்க்கறீங்க, மூட்டை தூக்கறீங்களா?" என்றார். வாத்தியம் வாசிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

அது என்னிடம் வரும்போது அதற்கு எர்த் கிடையாது. இரண்டு முள் பிளக். உள்ளே எங்கேயோ கரண்ட் கசியும். அந்தக் கசிவு கிட்டார் ஒயர் வழியாகக் கம்பிக்கு வரும். கம்பியில் கை இருக்க, மைக்கில் உதடு பட்டால் என்ன ஆகும் என்று மேடை ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். நான் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, எர்த்துக்காக ஒரு பச்சை வயரைச் சால்டர் செய்து, மூன்று முள் பிளக் மாட்டினேன். அன்றிலிருந்து அது பூனைக்குட்டி.

அதற்குப் பிறகும் நான் எதையும் நம்பியதில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் நான் மேடையில் தனியாக நிற்பேன். இடது கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, வலது புறங்கையால் ஒவ்வொரு கிட்டார் கம்பியையும் தட்டிப் பார்ப்பேன். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் அடிக்கும்போது விரல்கள் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் கை தானாக விலகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். அதுவரை மச்சான் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட என் கட்டைவிரலைப் பார்க்காமல் அவர் மைக்கைத் தொட்டதில்லை. கூட்டம் அவரைப் பார்க்கும், அவர் என்னைப் பார்ப்பார்.

அன்றைக்கு அந்தச் சோதனையை நான் செய்யவில்லை. என் குற்றம் அவ்வளவுதான் என்று உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் காலையில் சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மச்சான் என்னைப் பயிற்சி அறைக்கு வரச்சொன்னார். டயர் கடைக்கு மேலே இருக்கிற அறை. ரப்பர் வாசனை, சுவரெல்லாம் முட்டை அட்டை. டிரம்ஸ்காரனும் இருந்தான். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது.

"மாப்ளே, கோவிச்சுக்காம கேளு" என்றார் மச்சான். "உனக்கும் வயசாயிடுச்சு. ஆபரேஷன் வேற பண்ணியிருக்கே. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுவே? இனிமே நீ வந்து ஒயரிங்கை மட்டும் பாத்துக்கோ. உன் பங்கு அப்படியே வந்துடும், அதுல ஒரு மாத்தமும் இல்லை."

"அப்ப பேஸ் யார் வாசிக்கிறது?"

"நீதான்" என்று சிரித்தார். "லேப்டாப்புல. போன வருஷம் உக்காந்து எல்லாப் பாட்டையும் வாசிச்சுக் குடுத்தியே, அது."

போன வருஷம் பன்னிரண்டு நாள் அந்த அறையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பதிவு செய்து கொடுத்தேன். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உதவும் என்று சொல்லி வாங்கினார்கள். ஒவ்வொரு பாட்டையும் நாலு ஐந்து தடவை வாசித்து, இருப்பதிலேயே நல்லதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கே குழி தோண்டும்போதுகூட ஒழுங்காகத் தோண்டியிருக்கிறேன் பாருங்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நடுவுல நீங்க ஒரு வரியை விட்டுட்டா என்ன பண்ணும் அது?"

"நான் எங்கே விடறேன்?" என்றார்.

அவர் நூறு தடவை விட்டிருக்கிறார், சார். சரணம் மறந்துபோய் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். கூட்டம் அதை உருக்கம் என்று நினைத்துக் கைதட்டும். நான் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பேன். டிரம்ஸ்காரனுக்குக் கண் காட்டுவேன். அவருக்கு வரி ஞாபகம் வந்து வாயைத் திறக்கிற நொடியில் அவரைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவேன். மறந்தது யாருக்கும் தெரியாது. நாளடைவில், மறந்தோம் என்பதே அவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

"இது எதுக்கும் நிக்காது மாப்ளே" என்று லேப்டாப்பைத் தட்டிக் கொடுத்தார். "பூகம்பமே வந்தாலும் தாளம் தப்பாது." பிறகு, "உன் பெட்டி சும்மாதானே கிடக்கப்போகுது, அதை என் கிட்டாருக்குப் போட்டுக்கறேன். அதோட சவுண்டே தனி" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் வரவே வராது. அதுதான் ரொம்பக் கஷ்டம்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "அண்ணன் உங்க நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்றாள். சோபாவுக்குப் பின்னால் சிவப்பு பேஸை வைப்பதற்கு இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தாள்.

மூன்று கச்சேரிகளுக்கு ஒயர்காரனாகப் போனேன். மேடை ஓரத்தில் மெயின் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து என்னுடைய வாசிப்பை நானே கேட்டேன். நன்றாக இருந்தது. அதைவிட ஒன்று சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் சவுண்டுக்காரரிடம் பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "கூட்டியாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். லேப்டாப்புக்கு அவரே கூட்டி வைத்தார். கேட்காமலே. முன்வரிசையில் தண்ணீர் பாட்டில் அதிர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது, சார். மறைப்பானேன்.

டிரம்ஸ்காரன் இடைவேளையில் வந்து, "அண்ணே, லேப்டாப்புல நீங்க தப்பே பண்றதில்ல" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

நாலாவது கச்சேரி, ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பிற்பகல் மூன்று மணி. அந்த அரங்கின் மின்பலகை பழசு. ஆளுக்கு ஷாக் அடித்தால் தானாக விழுகிற சுவிட்ச் அதில் கிடையாது. மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதங்களின் நகல் என் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். இந்த ஊரில் பாதுகாப்பைப் பற்றி என்னளவுக்குக் கவலைப்பட்ட வாத்தியக்காரன் வேறு யாரும் இல்லை.

மைக்கின் பஞ்சு உறை எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது என்று உங்கள் ஆள் கண்டுபிடித்திருக்கிறார். உண்மைதான். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் அதைத் துவைப்பது என் வேலை. மச்சானுக்கு எச்சில் தெறிக்கும். அன்று காலையில்தான் துவைத்தேன், ஈரமாக இருந்தது, எடுத்துப் போகவில்லை. உறை இல்லாவிட்டால் உதடு நேராக இரும்பில் படும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லவில்லையே.

பச்சை வயருக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாள் மத்தியானம், மனைவி தூங்கிய பிறகு, பெட்டியைத் திறந்து அந்த வயரை எடுத்துவிட்டேன். இதை ஏதோ பெரிய சதி மாதிரி கேட்கிறீர்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் போட்டது அது. நான் போட்டதை நான் எடுத்தேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. தியேட்டர்காரர் எந்த நிலையில் கொடுத்தாரோ அந்த நிலையில் மச்சானுக்குக் கொடுத்தேன். வயரைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

எதற்கு என்றால், அவருக்கு ஒரு சின்ன உதறல் வரவேண்டும் என்பதற்கு. அவ்வளவுதான். உதறலில் ஒரு வரி விட்டுப்போகும். லேப்டாப் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அவர் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவார். டிரம்ஸ்காரன் முழிப்பான். அத்தனை பேருக்கும் முன்னால், இத்தனை வருஷம் பின்னால் நின்றவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது புரியும். மச்சான் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். சிவப்பு பேஸ் காரின் பின்சீட்டில் தயாராக இருந்தது. கம்பியெல்லாம் துடைத்து வைத்திருந்தேன்.

என் வலது புறங்கையில் இருக்கிற கறுத்த வடுவைப் பற்றி நீங்கள் வந்ததும் கேட்டீர்கள். சால்டரிங் வைக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனையை நான் செய்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம், விட முடியவில்லை. இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்தேன். புறங்கையால் அவருடைய கிட்டார் கம்பியைத் தட்டினேன். கை தோள்வரை போய் விழுந்தது. பல்லெல்லாம் கிட்டிப்போயிற்று. இறங்கின தோளில் இருந்த சுளுக்கே விட்டுப்போன மாதிரி ஒரு அடி. அது சின்ன உதறல் இல்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓரத்தில் மச்சான் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் என் மனைவி. ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணன் பாட்டைக் கேட்க வந்திருந்தாள். எனக்குக் கையை ஆட்டினாள்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மச்சான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, போகிறபோக்கில் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். லேப்டாப் தொடங்கியது. முதல் எட்டு சுற்று என் பேஸ் மட்டும்தான். பிறகு அவர் கம்பியில் கை வைத்து, மைக்கில் உதட்டை வைத்தார். முதல் சொல்லின் பாதிகூட வரவில்லை.

விழுந்தபோது கிட்டாரோடுதான் விழுந்தார். கை கம்பியை விடவில்லை. மைக் ஸ்டாண்டும் அவர் மேலேயே சாய்ந்து கிடந்தது. டிரம்ஸ்காரன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான், பக்கத்தில் போகப் பயந்து நின்றான். "மெயினை ஆஃப் பண்ணுங்கண்ணே, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினான். மனைவி மேடைப் படியில் செருப்பு தடுக்கி விழுந்து எழுந்து வந்தாள். அவளை யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்கள். நல்லவேளை.

இவ்வளவு நடக்கும்போதும் பேஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் சொன்னேன் அல்லவா, அது நிற்காது என்று. அத்தனை பேருடைய கூச்சலுக்கும் மேலே கேட்டது. முதல் சரணம் முடிந்து, இடையில் நான் மட்டும் வாசிக்கிற ஒரு இறக்கம் வரும். மச்சான் எப்போதும் அந்த இடத்தில் கூட்டத்தோடு பேசிக் கெடுத்துவிடுவார். முதன்முறையாக அது முழுசாகக் கேட்டது. ஒரு சுரம் பிசகவில்லை. இரண்டாவது சரணமும் அப்படித்தான். முடிவில் கடைசிச் சுரத்தை நான் நீட்டி விட்டிருந்தேன், அது தேய்ந்து அடங்குகிறவரை இருந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து மெயினை அணைத்தேன்.

விழுந்ததிலிருந்து அணைத்ததுவரை மூன்று நிமிஷம் பத்து விநாடி என்று வீடியோவைப் பார்த்துக் கணக்குச் சொன்னீர்கள். சுவிட்ச் என் நாற்காலியிலிருந்து கை எட்டுகிற தூரம் என்றும் சொன்னீர்கள். மறுக்கவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவி பார்க்க வந்தால், சிவப்பு பேஸைக் காரிலேயே விட்டுவிட வேண்டாம், வெயிலில் கழுத்து வளைந்துவிடும் என்று மட்டும் சொல்லுங்கள். வரமாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். மெஷினுக்கு மனுஷன் விழுந்தது தெரியாது. அன்றைக்கு அந்த மேடையில் நான் வாசித்துக்கொண்டிருந்தால், அந்த நொடியிலேயே நிறுத்தியிருப்பேன்.