உயிரோடு வந்த பத்ரோஸ்

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, இன்ஸ்பெக்டர். தூசி பட்டால் பிளாப்பி கெட்டுவிடும். அன்று வாசலில் கழற்றியதை மறந்துவிட்டு வலியசாலையில் இருக்கும் என் வீடு வரை வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டுதான் நீங்கள் வந்தீர்கள்.

விழிஞ்ஞம் மீனவர்களுக்கான நிவாரணச் சங்கம் எங்களுடையது. எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வந்தது. கடலில் இறந்தவர்களுக்கு ஒரு கோப்பு, விதவைகளுக்கு ஒரு கோப்பு. விதவையின் வரியில் கணவனின் எண் இருக்கும். அந்த எண் இறந்தவர் கோப்பில் இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதைச் சேர்த்து வைப்பது என் வேலை. சுந்தரராமன் கை வைத்தால் பிழை இருக்காது என்று செயலாளரே சொல்வார்.

தாசம்மாளின் வரியிலிருந்த எண் எங்கும் போய்ச் சேரவில்லை. கணவன் பெயர் பத்ரோஸ். உறுப்பினர் கோப்பில் ஒரு பத்ரோஸ் இருந்தார். விதவை இருக்கிறாள் என்றால் கணவன் இறந்திருக்க வேண்டும். அவரை அந்த எண்ணிலேயே இறந்தவர் கோப்பில் போட்டேன். இணைப்பு சேர்ந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் பத்ரோஸ் வந்தார்.

“சாரே, நான் செத்துப்போனேன்னு புது வலை தரமாட்டேங்காவ. பேய்க்குக் கால் கிடையாதாம். இந்தா பாரும், ரெண்டு காலும் உண்டு. மணலும் உண்டு.”

“காலை அலம்பிண்டு வரப்படாதா, ஓய்?” என்றேன்.

“செத்தவனுக்கு என்ன சாரே குளி? தாசம்மாளுக்க மாப்பிள்ளை வேற பத்ரோஸ். போன மழையில கடல்ல போனவன். உம்ம செக்ரட்டரி வரட்டும், உம்ம தப்பை அவருகிட்டயே சொல்லுதேன்.”

அந்த அறையில் அதுவரை யாரும் என்னைப் பார்த்துத் தப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. கோப்பு ஏற்கெனவே அச்சாகி, என் கையெழுத்தோடு செயலாளர் மேஜைக்குப் போயிருந்தது. அதை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றுதான் பாக்கி.

அவர் சன்னல் வழியே செயலாளரின் காரைத் தேடிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தேன். கனத்த இரும்புப் பெட்டியான ஸ்டெபிலைசரைக் கழற்றி, அவர் பின்தலையில் போட்டேன்.

விழுந்தார், ஆனால் போகவில்லை. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். டெலீட் என்று கொடுத்தால் வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும். வரி உள்ளேயே இருக்கும். பேக் என்று கொடுத்தால்தான் அடியோடு போகும்.

“பிள்ளியளு உண்டு சாரே,” என்று என் வேட்டியைப் பிடித்தார். மறுபடி தூக்கினேன். முகம் என்று ஒன்று இல்லாமல் போகும்வரை போட்டேன். பிறகு தரையில் கிடந்த மணலைக் கூட்டி அள்ளினேன். ரத்தத்தைத் துடைக்கவில்லை, அது தூசி அல்லவே.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேலை மட்டும் பாக்கி. அவர் மனைவி ராஜபாயை விதவைகள் கோப்பில் சேர்க்க வேண்டும். என்னை ஒரு மணி நேரம் அங்கே அழைத்துப் போங்கள். வேறு யாராவது செய்தால் பிழை வந்துவிடும்.