கீழ்வீட்டுக்குக் கேட்ட இடது கை

— உங்களை யாரு உள்ள விட்டது?

— வாசல்ல நின்னவர்தான். நான் நர்ஸ், பியானோ மேடத்துக்குக் கையில ஏதோ தொந்தரவாம், கூப்பிட்டு விட்டாங்கன்னேன். உடனே கதவைத் திறந்துட்டார். நர்ஸ்னா எந்தக் கதவும் திறக்கும் மேடம்.

— சிஸ்டர், இடைவேளை இருபது நிமிஷம்தான். நம்ம அப்பார்ட்மெண்ட் சண்டையை இங்கயும் கொண்டு வரணுமா? என் வீட்டுத் தரைதான் உங்க வீட்டுக் கூரை, ஒத்துக்கறேன். ஆனா இது கச்சேரி ஹால். இதுக்குக் கீழ யாரும் தூங்கலை.

— சண்டை போட வரலை. டிக்கெட் எடுத்து, லீவு போட்டு, இருக்கறதுல நல்ல செருப்பா பார்த்து மாட்டிக்கிட்டு, கேட்கத்தான் வந்தேன்.

— கேட்கவா? கேட்கவே கூடாதுன்னு அசோசியேஷன் கூட்டத்துல எழுந்து நின்னு கத்தினவங்க நீங்க. அதாவது, இப்ப ரெண்டு மூணு வருஷமாத்தான் வாயைத் திறக்கறதில்லை. சரி, சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்.

— ராத்திரி பூரா நோயாளிங்க முனகலைக் கேட்டுட்டு வந்து காலையில தலையைச் சாய்க்கறேன். சாய்ச்சதும் மேல நீங்க ஆரம்பிக்கறீங்க. கோபம் வராதா? அதை விடுங்க. கையை எதுக்கு வெந்நீர்ல போட்டு வச்சிருக்கீங்க?

— சூடு ஆறக் கூடாதுன்னு.

— முதல் பாதியில, அந்த ஆறாவது பாட்டுல என்ன ஆச்சு?

— என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே. எல்லாரும் கை தட்டினாங்க.

— தட்டினாங்க. என் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டு சொக்கிப் போய்த் தலை ஆட்டிட்டு இருந்தார். நான் மட்டும் சட்டுனு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊஞ்சல் நடுவுல அறுந்துடுச்சே.

— ஊஞ்சலா?

— உங்களுக்கு அது நம்பர், எனக்குப் பேரு. ரெண்டாவது தையல் மிஷின். நாலாவது, பெரிய அண்டாவை மாடிப்படியில உருட்டி விடறது. ஆறாவது ஊஞ்சல். நல்லா ஆடிட்டு இருந்தது, திடீர்னு ஒரு தாவு தாவி, எப்பவோ வர வேண்டியது இப்பவே வந்துடுச்சு. இத்தனை வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா?

— எட்டு வரி சிஸ்டர். எட்டு வரியை முழுங்கிட்டேன். யாருக்கும் தெரியலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— வீட்ல நீங்க அதை முழுங்கினதே இல்லையே.

— அதாவது, இந்த எட்யூட்னு சொல்றாங்களே, அது பயிற்சிக்குன்னே எழுதினது. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு கஷ்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே ஆளைப் பிழிஞ்சு எடுக்கும். ஒண்ணு கையை விரிக்கறதுக்கு, ஒண்ணு தாவறதுக்கு. எனக்குக் கை சின்னது, மத்தவங்க எட்டிப் பிடிக்கற இடத்துக்கு நான் பறந்துதான் போகணும். அதைக்கூடப் பழகிட்டேன். ஆறாவதுல வலது கை மேல ரெண்டு ரெண்டு கட்டையா சேர்த்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுவும் எந்த விரலை வச்சு? மோதிர விரலும் சுண்டு விரலும். கையிலயே சோப்ளாங்கி அது ரெண்டும்தான்.

— அப்ப அதுதானா அது? இன்னிக்குத்தான் பார்த்தேன், ஊஞ்சலுக்கு மேல ஒரு கொசுக் கூட்டமே பறந்துட்டு இருந்துது.

— அந்தக் கொசுக் கூட்டத்தைத்தான் பதினஞ்சு வருஷமா பழக்கிட்டு இருக்கேன். ஒண்ணை மட்டும் தனியா வாசிக்கச் சொன்னா வாசிச்சிடுவேன். பன்னிரண்டையும் ஒரே சாயங்காலத்துல வாசிக்கறதுதான் ஆளைக் கொல்றது. ஆறாவது முடியறப்பவே முன்கை கல்லு மாதிரி ஆயிடுது. அந்தக் கல்லைத் தூக்கிட்டு ஏழாவதுக்குப் போகணும். எட்டாவது ஏழாவதை விட மோசம்.

— ஆபரேஷன் பண்ணின கையா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ரெண்டு மூணு வருஷம் முன்னாடி லிஃப்ட்ல பார்த்தேன், வலது மணிக்கட்டுல கட்டு. நர்ஸுக்கு வேற சொல்லணுமா? கட்டுப் பிரிக்கிற வரைக்கும் மேல ஒரு சத்தமும் இல்லை.

— அப்பவாவது நிம்மதியா தூங்கினீங்களா?

— அதை விடுங்க.

— அம்மா, மேனேஜர்தான். உள்ள வரலாமா? தப்பா நினைக்காதீங்க, ஜனங்க திரும்பி வந்து உட்கார ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே அறிவிச்சுடவா? கை வலி காரணமா ரெண்டாம் பாதியில எட்யூட்களுக்குப் பதிலா வேற சில எளிய பாடல்கள், அப்படின்னு?

— ஆமா சார், அறிவிச்சுடுங்க.

— கொஞ்சம் இருங்க சார். நான் நர்ஸ். கையைப் பார்த்துட்டு இருக்கேன். அஞ்சு நிமிஷம் குடுங்க.

— அஞ்சு நிமிஷம்தான் சிஸ்டர். தப்பா நினைக்காதீங்க, நான் வாசல்லயே நிக்கறேன்.

— எதுக்கு சிஸ்டர் அவரை அனுப்பினீங்க?

— கையைக் குடுங்க. தண்ணியைத் துடைங்க முதல்ல. இங்க அழுத்தறேன், வலிக்குதா?

— இல்லை.

— இங்க?

— இல்லை.

— மோதிர விரலால என் உள்ளங்கையைத் தள்ளுங்க. இன்னும். போதும், போதும், என் கை எலும்பு முறிஞ்சிடும். வலியும் இல்லை, பலத்துக்கும் குறைவில்லை. அவ்வளவு நேரம் வெந்நீர்ல இருந்த விரல் நுனி மட்டும் ஐஸா இருக்கு. அப்ப மேனேஜர் மைக்ல சொல்லப் போறது பொய்.

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க? பியானோ வாசிக்கிற அம்மா பயந்துட்டாங்கன்னா?

— எதுக்குப் பயம்?

— ஒரு தடவை விட்டா இன்னொரு தடவை விடும். அடுத்த தடவை தாவ இடம் கிடைக்காது, நடுவுல நின்னுடுவேன். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் கச்சேரி. சரியா வராதுன்னு எல்லா டாக்டரும் சொன்ன கை. இந்தக் கை முடிஞ்சு போச்சுன்னு அத்தனை பேர் எதிர்ல நானே நிரூபிச்சுக் காட்டணுமா? வீட்ல எல்லாம் வருது சிஸ்டர். தனியா இருக்கறப்ப ஒண்ணு விடாம வருது.

— தனியாவா? எப்ப தனியா வாசிச்சீங்க? கீழ நான் படுத்திருந்தேனே.

— அது எப்படிக் கணக்கு?

— ஒரு நாளாவது தனியா வாசிச்சிருக்கீங்களா சொல்லுங்க. தப்பா வாசிச்சா எனக்குத் தெரியும். ஒரே இடத்தை நாற்பது தடவை இடிச்சா நாற்பதையும் எண்ணிட்டுப் படுத்திருப்பேன். வேணும்னா ஊஞ்சலை நான் பாடியே காட்டறேன், சிரிக்கக் கூடாது. தூம்... த தூம் தூம். தூம்... த தூம் தூம்.

— என்ன பாடறீங்க?

— ஆறாவதுதான்.

— இது ஆறாவது இல்லையே. இருங்க. இன்னொரு தடவை.

— தூம்... த தூம் தூம். குரல் அப்படித்தான் இருக்கும், எனக்குப் பாட்டு வராது.

— இது இடது கை. ஆறாவதோட இடது கை மட்டும்.

— எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மேடம். மேல கீச்சு கீச்சுன்னு நீங்க பண்றதெல்லாம் தரையைத் தாண்டி வராது. கனமா கீழ இறங்கறதுதான் என் கட்டில் வரைக்கும் வரும். இன்னிக்கு ஹால்ல உட்கார்ந்த பிறகுதான் உங்களுக்கு வலது கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது.

— அந்த இடம் வரைக்கும் பாடுங்க. நான் விட்ட இடம் வரைக்கும்.

— தூம்... த தூம் தூம்... தூம்... இங்கதான். இங்க ஊஞ்சல் ரொம்பத் தாழ வந்து, ஒரு மூச்சு நின்னு, அப்புறம் திரும்பிப் போகும்.

— தாழ வந்து நின்னு... ஆமா. அது மறந்ததே இல்லை. அதாவது, பன்னிரண்டுலயும் இடது கை எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. நான் வலது கையையே முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். மோதிர விரல் நிக்குமா, சுண்டு விரல் நிக்குமான்னு. பயத்துல இறுக்கறேன். இறுக்கினா முன்கை கல்லாகுது. கல்லானா விரல் நிக்கத்தானே செய்யும்? இடது கை பாட்டுக்கு அது வழியில போயிட்டு இருக்கு, நான் அதைக் கேட்கறதே இல்லை.

— எனக்கு ஒண்ணும் புரியலை.

— புரிய வேண்டாம். ஒன்பதாவது பாடுங்க.

— அது பாடற மாதிரி இல்லை. அது நடை. நீளமான வராந்தாவுல ஒருத்தர் யாரையும் எழுப்பாம நடந்து போற மாதிரி. எங்க வார்டுல விடியறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு கட்டிலா பார்த்துட்டு நடப்பேன், அந்த நடை. எல்லாரும் மூச்சு விடறாங்களான்னு பார்த்துக்கிட்டே.

— அதுல வலது கை என்ன பண்ணுதுன்னு நீங்க கேட்டதே இல்லை, இல்லையா?

— இல்லை. ஏதாவது பண்ணுதா?

— பண்ணுது. உட்கார்ந்து கேளுங்க. மேனேஜர் சார்.

— இருக்கேம்மா.

— ஒண்ணும் அறிவிக்க வேண்டாம். பெல் அடிங்க.

— தப்பா நினைக்காதீங்க, நிகழ்ச்சி அச்சடிச்ச மாதிரியேவா?

— அச்சடிச்ச மாதிரியே. ஏழுலேருந்து பன்னிரண்டு.

* * *

— கதவைச் சாத்துங்க சிஸ்டர். காது ஙொய்ங்குது.

— இன்னும் தட்டிட்டுத்தான் இருக்காங்க. என் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்னு தட்டறார். செருப்புக் காலால என் காலை மிதிச்சுட்டார், அதுகூட அவருக்குத் தெரியலை.

— உட்காருங்க. நீங்க ஏன் நிக்கறீங்க?

— நீங்க முதல்ல தண்ணி குடிங்க. கையைக் காட்டுங்க. சூடா இருக்கு. விரல் நுனி வரைக்கும் சூடு.

— ஏழாவது ஆரம்பிக்கறப்ப பயந்துட்டுத்தான் இருந்தேன். கட்டிலை நினைச்சுக்கிட்டேன். எனக்குக் கீழ ஒரு கட்டில், அதுல ஒருத்தர் படுத்திருக்கார், அவருக்குக் கேட்கற மாதிரி வாசிச்சாப் போதும்னு. இடது கையை மட்டும் கேட்டேன். வலது கையை அது இஷ்டத்துக்கு விட்டுட்டேன். எட்டாவது முடிஞ்சு பார்க்கறேன், முன்கை பஞ்சு மாதிரி கிடக்கு. இந்தக் கையா அதுன்னு எனக்கே சந்தேகம்.

— எட்டாவதை நான் இத்தனை நாளா மெதுவான பாட்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்படிப் பேய் மாதிரி ஓடும்னு எனக்கு யாரும் சொல்லலை.

— அதை மெதுவாத்தான் பழகணும். வீட்ல நான் அதை வேகமா வாசிச்சது ரொம்பக் கம்மி. ஒன்பதாவது?

— அதைக் கேட்காதீங்க மேடம்.

— சொல்லுங்க.

— நான் பாட்டுக்கு நடந்துட்டு இருந்தேன், எங்க வராந்தாவுல. மேல அந்தக் கை வந்துது. ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் யாரோ ஜன்னலைத் திறந்து விட்டுட்டே வர்ற மாதிரி. அப்புறம் எங்க வீட்ல அது பாதியில நின்னு போகுமே, அந்த இடம் வந்துது. நிக்கலை.

— நான் எப்பவுமே நிறுத்தினதில்லையே. கடைசிப் பக்கத்துல ரெண்டு கையும் மேல ஏறிடும், அவ்வளவுதான். அதனால உங்களுக்குக் கேட்டிருக்காது.

— எனக்கு என்ன தெரியும்? பாவம், இவங்களால இதை முடிக்கவே முடியலைன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். முடிஞ்சதும் கர்சீப்பை எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தன்னோடதையும் குடுத்தார்.

— பன்னிரண்டாவதுல கடைசி சத்தம் அடங்கினதும் ஹால்ல ஒரு மூச்சுகூடக் கேட்கலை. எல்லாரும் எழுந்து போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன். திரும்பிப் பார்த்தா எல்லாரும் எழுந்துதான் நிக்கறாங்க.

— அதோட விட்டீங்களா? மறுபடி வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசினீங்களே.

— பேசணும்னு தோணுச்சு. ஆறாவதுல எட்டு வரி என்கிட்டயே தங்கிடுச்சு, அதையும் குடுத்துட்டுப் போறேன்னேன். சிரிச்சாங்க.

— குடுத்தீங்களே மேடம். ஊஞ்சல் தாழ வந்து, நின்னு, திரும்பிப் போச்சு. கொசுக் கூட்டமும் ஒண்ணு குறையாம பறந்துது.

— மோதிர விரல் சிஸ்டர். டாக்டருங்க சொன்னாங்களே, எழுத வரும், சமைக்க வரும், இது மட்டும் வராதுன்னு. வந்துது. ரெண்டாம் பாதியிலயும் வந்துது, ஆறாவதுலயும் வந்துது.

— அம்மா, மேனேஜர்தான். தப்பா நினைக்காதீங்க, ஒரே நிமிஷம். நான் இந்த ஹாலுக்கு வந்த நாள்லேருந்து இப்படி ஒரு சாயங்காலத்தைப் பார்த்ததில்லை. எங்க இயக்குநர் கீழ நிக்கறார். அடுத்த சீசன் முழுக்க நீங்க இங்க வாசிக்கணுமாம். மாடியில பெரிய பியானோவோட ஒரு அறை சும்மா கிடக்கு, அதை உங்க பயிற்சிக்கே குடுத்துடலாம்னு சொல்றார். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.

— நிஜமாவா சார்? இதோ வரேன், ரெண்டு நிமிஷம். சிஸ்டர், கேட்டீங்களா?

— கேட்டேன். நல்லதுதான் மேடம். ரொம்ப நல்லது.

— எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான் நல்லது. அதாவது, இனிமே பயிற்சி எல்லாம் இங்கதான். வீட்டுப் பியானோவை மூடி துணி போர்த்திடப் போறேன். டியூட்டி முடிச்சு வந்து நீங்க பாட்டுக்குத் தூங்கலாம், மேலேருந்து ஒரு தூம் வராது. இத்தனை வருஷமா உங்க தூக்கத்தைக் கெடுத்திருக்கேன், இன்னிக்கு நீங்க வந்திருக்கலைன்னா என் கை என்ன ஆகியிருக்கும்னே தெரியாது. பதிலுக்கு நான் குடுக்கக் கூடியது இந்தத் தூக்கம் ஒண்ணுதான். சரிதானே?

— வேண்டாம் மேடம்.

— எது வேண்டாம்?

— உங்க கட்டுப் பிரிச்ச வாரம் எங்க மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, வயசாகுது, இனிமே பகல் டியூட்டிக்கு மாறிக்கோன்னாங்க. மேல நீங்க அப்பதான் மறுபடி ஒவ்வொரு கட்டையா தட்ட ஆரம்பிச்சிருந்தீங்க. காலையில வீட்ல இருக்கணுமே, எனக்கு நைட் டியூட்டியே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.