லிடியாவின் புள்ளி

வீட்டில் சர்வர் வைத்திருப்பவனுக்குப் பெரிய தொல்லை எறும்புதான் மேடம். பெட்டி கதகதப்பாக இருக்கும். மழைக்காலத்தில் முட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குடிவந்துவிடும். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றித் துடைப்பேன். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக என்னிடம் வந்தார்கள்.

என் பெயர் டென்னிஸ். சங்கராபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். தியாகதுருகத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய மிஷின் வாங்கி வந்து, டிஸ்க் போட்டு, நானே சர்வர் ஆக்கினேன். போனில் எடுக்கும் படம், எழுதும் குறிப்பு, போன் இருக்கும் இடம் எல்லாம் எங்கோ இருக்கிற கம்பெனிக்குப் போகாமல் நம் தெருவிலேயே, நம் ஆள் ஒருவனிடமே இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். எதிர்வீட்டுச் சின்னப்பன் அண்ணன் முதலில் சேர்ந்தார். பிறகு எட்டு வீடு. மாடிக்கு மாடி ஆன்டெனா வைத்து இணைத்தேன்.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தது. மனிதர்கள் போனில் என்னென்ன வைத்திருக்கிறார்கள். சீழ் வைத்த புண்ணைப் படம் எடுத்து வைக்கிறார்கள். நாக்கை நீட்டி எடுத்து வைக்கிறார்கள். கோயில் பாட்டுக்குழுவில் கண்ணை மூடிப் பாடுகிறவர் மைத்துனிக்கு என்னவெல்லாம் பேசி அனுப்பியிருக்கிறார். எனக்குக் குமட்டும். பார்த்து முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். மறுநாளும் பார்ப்பேன். குப்பை எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா.

லிடியா, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் சின்னப்பன் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். நர்ஸ். வடக்கனந்தலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் ஜெயப்பிரகாஷ் அடித்து மணிக்கட்டை முறித்த பிறகு கிளம்பி வந்துவிட்டாள். பழைய கணக்கின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும், எங்கே போனாலும் பின்னாலேயே வந்து நிற்கிறான் என்றாள்.

"அவருக்கு எட்டாத எடமா இருக்கணும்ணே," என்றாள்.

"என் வூட்ல வச்சா செவுத்துக்குக்கூடத் தெரியாதும்மா," என்றேன்.

புதுக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நானும் ஒன்று வைத்துக்கொண்டேன். அவள் தொலைத்துவிட்டால் என்ன செய்வது.

அவள் தினமும் எழுதுவாள். மற்றவர்களுடையதைப் போல் அழுக்கு இல்லை. பனிக்காலத்தில் மணிக்கட்டு வலிப்பதை எழுதுவாள். செத்துப்போன தங்கச்சி கனவில் வந்து பனங்கிழங்கு கேட்டாள் என்று ஒருநாள் எழுதியிருந்தாள். மறுநாள் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிப் போய்க் கொடுத்து, தங்கச்சி ஞாபகமாக வைத்துக்கொள் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான். அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு இப்படி எழுதினாள்: 'டென்னிஸ் அண்ணன நெனச்சாலே குமட்டுது.'

அந்த வரியைப் பலமுறை படித்தேன். அத்தனை பேர் அழுக்கையும் பார்த்துக் கையைக் கழுவுகிறவன் நான். என்னை நினைத்தால் குமட்டுகிறதாம்.

அடுத்த நாள் சின்னப்பன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் யாருக்கும் சொல்லாதது உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். நான் சர்வர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் அழிச்சிடுங்க. நான் பாத்துக்கினு இருக்கும்போதே அழிங்க."

அழித்தேன். அதான் போச்சே, வுடும்மா என்று அண்ணன்கூடச் சமாதானம் சொன்னார். எல்லாவற்றுக்கும் நகல் வைத்து அலமாரியில் இருந்த இரண்டாவது டிஸ்க்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. போனிலும் எடுத்துவிடச் சொல்லி என் கையில் கொடுத்தாள். திரையில் தெரிந்த ஆப்பின் ஐகானை மட்டும் எடுத்தேன். ஆப் உள்ளேயே இருந்தது.

ஒரு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைமேல் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. என் திரையில் அவள் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் போய் நின்றது.

ஜெயப்பிரகாஷின் நம்பர் அவள் எழுதி வைத்ததிலேயே இருந்தது, எடுக்கக் கூடாத நம்பர் என்று. அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். 'குடும்பம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு டிக் போட்டால் அவள் இருக்கும் இடம் அவனுக்கும் தெரியும், போட்டேன். லிங்க்கை அவனுக்கு அனுப்பினேன். சட்டப்படி அவர்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டிதான். நான் பொய் எதையும் அனுப்பவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். அவனுடைய புள்ளி பச்சை. வெள்ளிமலையில் பன்னிரண்டு நிமிஷம் நின்றது, டீ குடித்திருப்பான். இரண்டு மணிக்கு இரண்டு புள்ளியும் ஒன்றாயின. கால் மணி நேரம் கழித்துப் பச்சை வேகமாக மலை இறங்கியது. நீலம் அங்கேயே இருந்தது.

பிறகு அது நகர்ந்தது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ரோட்டுப் பக்கம், ஐம்பது அடி இருக்கும், இரண்டு மணி நேரத்தில். காலால் நடக்கிறவர் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். எனக்கு உடனே புரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். குழம்பு ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணிக்கொண்டேன். நாலேகாலுக்குப் பிறகு புள்ளி அசையவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வந்த காசியம்மாள் என்பவர்தான் ரோட்டோரம் பார்த்தாராம்.

குத்தியவன் அவன். வழி காட்டியவன் நான். அவள் ஊர்ந்து வந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவனும் நான். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஸ்டேஷனுக்கு வெளியே சின்னப்பன் அண்ணன் எல்லோர் முன்னாலும், "அந்தப் பொண்ணு மேல கண்ணு வச்சிக்கினுதானடா இதெல்லாம் பண்ண?" என்று கேட்டார். கேட்கவே அருவருப்பாக இருந்தது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவளை ஒரு நாளும் நான் தப்பாகப் பார்த்ததில்லை மேடம்.