நாற்பத்தோரு அட்டைகளில் துடைத்த பெயர்

தம்பி, புனித பேட்ரிக் தேவாலயத்து பைபிள் மீதும், டாக்டர் மாற்றி வைத்த என் வலது முழங்கால் மீதும் சத்தியம் செய்து சொல்கிறேன்: இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

குளிரில் மார்க்கர் பேனா எழுதாது. மை இறுகிவிடும். அதனால் பேனாவை அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டும். நீலம் இடது பக்கம், வெள்ளி வலது பக்கம். செயின்ட் ஜான்ஸில் பஃபின்ஸ் பனி ஹாக்கி அணி பயிற்சி செய்யும் அரங்கின் பின்வாசலில் பதினேழு வருஷமாக இப்படித்தான் நிற்கிறேன். பதினொன்றேகாலுக்குப் பயிற்சி முடிந்து, ஆட்டக்காரர்கள் ஈரத்தலையோடு வந்து காரை எடுப்பார்கள். மனசிருப்பவர்கள் வேலியோரம் நிறுத்திக் கையெழுத்துப் போடுவார்கள். காற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரு ஜனவரியில் ஒரு கடற்புறா முன்னால் பார்த்தபடியே பின்னால் பறந்து துறைமுகம் வரை போனது. நானும் அம்ப்ரோஸும் பார்த்தோம். அவன் இப்போது சாட்சிக்கு வர முடியாது.

அம்ப்ரோஸ் டிலேனி என் நண்பன். மீன் ஆலையில் முப்பது வருஷம் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று காட் மீன் அறுத்தோம். அவன் மனைவி போனபின் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை இந்த வாசலுக்கு அழைத்துவந்ததே நான்தான். அது நாலு வருஷத்துக்கு முன்பு. எங்கே நின்றால் கார் நிற்கும் என்று காட்டினேன். ஆட்டக்காரர் படம் போட்ட புது அட்டை வழவழவென்றிருக்கும், குழந்தைப் பவுடர் தேய்த்தால்தான் மை பிடிக்கும் என்று சொன்னேன்.

மூன்றாவது வாரமே, அணிக்குக் கோல் காக்கும் யார்க்கோ காரின் கண்ணாடியை இறக்கினான். "என்ன அம்ப்ரோஸ், முட்டி எப்படியிருக்கு?"

முட்டி என்னுடையது. அம்ப்ரோஸ் ஒருமுறை படிக்கட்டில் லேசாக இடித்துக்கொண்டான், அவ்வளவுதான். உள்ளே இரும்பு வைத்திருப்பவன் நான்.

கையெழுத்துப் போடும்போது "யாருக்கு?" என்று கேட்டுப் பெயரையும் எழுதுவது வழக்கம். விற்கிறவர்கள்தான் பெயர் வேண்டாம் என்பார்கள். இன்னொருவன் பெயர் எழுதிய அட்டையை யாரும் வாங்குவதில்லை. நாங்கள் விற்கிறவர்கள் இல்லை. அம்ப்ரோஸிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள், தாமாகவே எழுதுவார்கள். என்னிடம் பதினேழு வருஷமும் கேட்டார்கள். கேட்டும் காதில் ஏறவில்லை. என் ஆல்பத்தில் சிரஸுக்கு என்று இருக்கிறது, செசிலுக்கு என்று இருக்கிறது. தடுப்பாட்டக்காரன் ஒருவன் "ஷெரிலுக்கு, முத்தங்களுடன்" என்று எழுதியிருக்கிறான். எல்லாவற்றையும் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். என் பெயர் சிரில்; சிரிலுக்கு என்று மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஏ ஷெரில், டீ ஊத்தவாடி?" என்று அம்ப்ரோஸ் பிளாஸ்க்கைத் திறப்பான். நானும் சிரிப்பேன்.

"கோவமாடா?"

"இதுக்கெல்லாம் யாருடா கோவப்படுவா?"

கோபமில்லை. பொறாமையும் இல்லை, அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எதற்கும் ஒரு வரிசைமுறை வேண்டும் என்று நினைத்தேன். ஒருவன் பதினேழு வருஷம் நின்றவன், இன்னொருவன் நாலு வருஷம் நின்றவன்.

போன டிசம்பரில் யார்க்கோ அவனை உள்ளே கூட்டிப்போய் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்காரவைத்தான். நான் இரண்டு பேர் பையையும் பிடித்துக்கொண்டு வேலியோரம் நாற்பது நிமிடம் நின்றேன்.

வெளியே வந்தவன், "உள்ள ஒரே வேர்வ நாத்தம்டா. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல," என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அன்றைக்கே அவன் ஆல்பத்தை இரவல் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போடா. அவசரமில்ல, பொறுமையா பாரு."

பொறுமையாகத்தான் பார்த்தேன். முழங்காலுக்குக் கட்டுப்போட வாங்கிய ஸ்பிரிட் பாதிப் புட்டி மிச்சமிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் உட்கார்ந்தேன். முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். மற்றவை தாமாக வந்துவிடும். கையெழுத்தில் ஒரு சுழி கலையக்கூடாது. நாற்பத்தோரு அட்டைகளிலிருந்து அம்ப்ரோஸ் என்ற பெயரை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயர் இருந்த இடம் நத்தை ஊர்ந்த தடம்போல் மங்கித் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்தால் எந்த ஆட்டக்காரனுக்கும் விஷயம் புரியும்: இவன் நம்மிடம் பெயர் எழுதி வாங்கி, அதைத் துடைத்து விற்கிறவன்.

நூலகத்துக் கணினியில், அம்ப்ரோஸின் பெயரும் போன் நம்பரும் போட்டு, அந்த அட்டைகளின் படங்களோடு விற்பனைக்கு என்று இணையத்தில் ஏற்றினேன். நூலகத்துப் பெண் உதவினாள். படங்கள் தெளிவாக வந்திருப்பதாகப் பாராட்டவும் செய்தாள். அச்செடுத்த தாளை வாசல் காவலாளி கஸ்ஸின் காரில், வைப்பருக்கு அடியில் செருகினேன்.

மறுநாள், அண்டவிடக்கூடாத ஆள் என்று அம்ப்ரோஸின் படம் கேட்டில் தொங்கியது.

"இங்க நிக்காத பெரியவரே," என்றான் கஸ். "பசங்க உன் மூஞ்சிய பாக்க விரும்பல."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"அது உனக்கே தெரியும்."

கஸ் அந்தத் தாளை அவனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பின் அம்ப்ரோஸ் சாலைக்கு எதிர்ப்பக்கம், கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் நிற்க ஆரம்பித்தான். பிப்ரவரி முழுக்க மழையும் பனியுமாக அடித்தது. ஒவ்வொரு காருக்கும் கையைத் தூக்குவான். முதல் நாள் யார்க்கோவின் கார் கொஞ்சம் வேகம் குறைந்தது; கண்ணாடி இறங்கவில்லை. நான் என் கையெழுத்துகளை முடித்துக்கொண்டு சாலையைக் கடந்துபோய் அவன் பிளாஸ்க்கில் டீ குடிப்பேன். எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருவான்.

"இன்னிக்கு யார் யாருடா நின்னாங்க?" என்று கேட்பான். ஒருவர் விடாமல் சொல்வேன்.

அவன் இல்லாத வாசலில் என் பெயர் நிலைக்கும் என்று எதிர்பார்த்தது தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒருநாள் யார்க்கோ கண்ணாடியை இறக்கி, "உங்ககூட நிப்பாரே, அவரு இப்படிப்பட்ட ஆளுன்னு நெனைக்கவே இல்லங்க. மனசே ஆறல," என்றான். அட்டையை வாங்கிக்கொண்டான். "உங்க பேரு என்ன சொன்னீங்க?"

மார்ச் முதல் வாரம் அம்ப்ரோஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தினமும் போனேன். பார்க்க வந்தது நான் ஒருவன்தான்.

"ஆல்பம் உங்கிட்டதான இருக்கு?" என்றான்.

"இருக்குடா."

"பத்திரமா?"

"பத்திரமா."

"அட்டை விலைக்கான்னு யாரோ போன் பண்ணப்பதான் பசங்க கோவம் எனக்குப் புரிஞ்சுது. நான் எதையும் விக்கலங்கறதுக்கு நீதான்டா சாட்சி. அந்தப் பசங்ககிட்ட சொல்லுடா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சொல்றேன்," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று நீலப் பேனா மட்டும்தான் வைத்திருந்தேன்; அது இருந்த பக்கம் அல்ல, மறுபக்கம்.

வியாழக்கிழமை போய்விட்டான். நிமோனியா என்று டாக்டர் எழுதினார். டாக்டரோடு வாதாட நான் யார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஆகவே சொல்கிறேன். அம்ப்ரோஸ் டிலேனி ஒரு அட்டையையும் விற்கவில்லை. பெயரைத் துடைத்தது நான். விற்பனைக்கு என்று போட்டதும் நான். அவனை அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்கவைத்தவனும் நான்தான்.

படித்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளமாக, தம்பி, கீழே விட்டிருக்கும் இடத்தில் கையெழுத்தும் உங்கள் சட்டை எண்ணும் போட்டுத் தரவும். மேலே "சிரிலுக்கு" என்று எழுதினால் போதும். பேனா இணைத்திருக்கிறேன், சூடாகத்தான் இருக்கும். தயங்க வேண்டாம், உங்கள் அணியில் பதினோரு பேர் இதே கடிதத்தில் ஆளுக்கொரு பிரதி வாங்கிப் படித்து, கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள். யார்க்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதினான். இறந்தவனைப் பற்றி வெளியே பேச்சு வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

கஸ்ஸுக்கு மட்டும் பிரதி கொடுக்கவில்லை. அவன் ஆட்டக்காரன் இல்லை. அதனால் அம்ப்ரோஸின் படம் இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது.