ஆமை ஒட்டிய கதவு

பதினைந்து டாலர். அந்தக் கதவுக்கு நான் சொன்ன விலை அதுதான். துருப்பிடித்த கீல், நெளிந்த கம்பி, பதினைந்தே அதிகம். பத்துக்குக் கேட்பாள், பன்னிரண்டில் முடியும் என்று நினைத்தேன். மரிசேலா பேரமே பேசவில்லை. நோட்டை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன், ஆபீசர். பேரம் பேசாமல் பணம் நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு என்றுமே ஆகாது.

காபிக்கு நன்றி. கழுநீர் மாதிரி இருக்கிறது, ஆனாலும் நன்றி.

நான் சந்தைக்காரன் பிள்ளை. அப்பா இதே மேசா நகரில், சனிக்கிழமைச் சந்தையில் மெத்தை விற்றவர். எதையும் தூர எறியமாட்டார். "எறியறவன் ஏமாளிடா நிஷான். எதுக்கும் ஒரு பைத்தியம் வந்து விலை கேக்கும்" என்பார். அந்த வளர்ப்பில்தான் மூன்று வாடகை வீடு சேர்த்தேன். மூன்றிலும் கொல்லையில் நீச்சல் குளம். இந்த அரிசோனா வெயிலில் குளம் இல்லாத வீட்டுக்கு நாய்கூடக் குடிவராது.

குளத்துக்கு என்ன சட்டம் என்று உங்களுக்கே தெரியும். சுற்றி வேலி வேண்டும். வேலிக்கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கையை எடுத்தால் தானே சாத்திக்கொண்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி தானே விழ வேண்டும். நல்ல சட்டம், நான் குறை சொன்னதே இல்லை. ஆனால் நகராட்சி ஆள் மூன்று வீட்டுக்கும் ஒரே நாளில் வரமாட்டான். பிறகு எதற்கு மூன்று நல்ல கதவு? வேலியெல்லாம் ஒரே அளவு. சோதனை எந்த வீட்டிலோ, நல்ல கதவு அந்த வீட்டில். அவன் கையெழுத்துப் போட்டுப் போனதும் கழற்றி என் வண்டியில் ஏற்றிவிட்டுப் பழையதை மாட்டுவேன். நாலு திருகு. வியாபாரத்தில் இதற்குச் சிக்கனம் என்று பெயர்.

மரிசேலா அதில் ஒரு வீட்டில் குடியிருந்தாள், தன் நாலு வயது மகன் எலியானோடு. அவர்கள் குளத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நீர்மேல் சன்ஸ்கிரீன் எண்ணெய் ஏடுகட்டி நிற்கும், வடிகூடையில் முடிக்கற்றை. பையன் தொட்டதெல்லாம் பிசுபிசுக்கும். பழைய கதவில், தன் கை எட்டுகிற உயரத்தில், பச்சை ஆமைப் படம் ஒன்றை ஒட்டிவைத்தான். சுற்றிலும் ஜாம் கறை.

ஒரு நாள் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், இந்தக் கதவு சாத்திக்கவே மாட்டேங்குது. நான் பாத்திரம் கழுவுவேனா, இவன் பின்னாடியே ஓடுவேனா?"

"நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே."

கீலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டேன். "சரி பண்ணியாச்சு. இனி தானே சாத்திக்கும்" என்றேன். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள். அதன்பிறகு அவள் கதவைப் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது? வீட்டுக்காரனே சொல்லிவிட்டான்.

ஜூனில் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். "பையன் தண்ணில கெடந்தான், ஆம்புலன்ஸ்ல கொண்டுபோறாங்க" என்று அலறினாள். வேறொரு வீட்டுச் சோதனை முடிந்து நான் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல கதவு வண்டியிலேயே இருந்தது. மரிசேலா வீட்டு முன்வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர் நின்றார். நான் பின்சந்து வழியாகப் போனேன். சிமெண்டு தரையில் சின்ன ஈரச் செருப்பு ஒன்று கிடந்தது. அதை மிதிக்காமல் நாலு திருகு வேலையை முடித்தேன்.

பையன் பிழைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, மாலையில் நீங்களே வந்து சோதித்தீர்கள். கதவைத் திறந்து விட்டீர்கள்; டக். மறுபடியும்; டக். ஒவ்வொரு டக்குக்கும் வீட்டுக்குள்ளிருந்து மரிசேலா விம்மினாள். "துணி காயப்போடறப்போ நான்தான் கதவுக்கு வாளிய முட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள். வாளி எதுவும் அங்கே இல்லை. அதை நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்கு இப்படி ஒரு கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க சார்." கண்ணீரும் சளியுமாக அவள் கை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.

பழைய கதவை எறிந்திருக்கலாம் என்கிறீர்கள். எறிகிற குடும்பமில்லை எங்களுடையது. சந்தையில் அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தும் கடைக்கு முன்னால் சாத்திவைத்தேன். ஆமையைச் சுரண்டினால் பெயிண்டும் உரிந்து விலை குறையும், அதனால் விட்டுவிட்டேன். அவள் அந்தப் பக்கம் வருவாள் என்று கண்டேனா?

குனிந்தாள். ஆமையைத் தடவினாள். கொக்கியைத் தூக்கிவிட்டாள்; விழவில்லை. மறுபடி தூக்கினாள், விழவில்லை.

"எவ்வளவு?"

"பதினைஞ்சு. கொடி படர விட்டா அழகா இருக்கும்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, கதவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிப் போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள் போல.

ஆமாம், கதவை மாற்றியது நான்தான். சரிசெய்துவிட்டதாகச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: மன்னிப்புக் கேட்டாள், கொடுத்தேன். கதவைக் கேட்டாள், கொடுத்தேன். பதினைந்து சொன்னேன், பதினைந்து வந்தது. அவளுக்கும் எனக்கும் கணக்கு நேர்.