பத்துக்கு ஒன்றரை

"பத்துக்கு ஒண்ணரைதான் போட்டேன். மனசாட்சிப்படி போட்டேன்லே."

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். இப்படிச் சொன்னவர் வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போடும் சேனல் நடத்துகிறார். மற்றவர் பட்டாசு ஆலைத் தொழிலாளி.

"ஊரே ஒம்பது போட்ட கேமுக்கா? எம்புட்டு நேரம் விளையாண்ட?" என்றார் தொழிலாளி.

"முக்கா மணி நேரம்."

"எங்க கம்பெனில சாம்பிள வெடிச்சுப் பாத்துட்டுத்தான் லோடு ஏத்துவாக. நீ திரியப் பாத்ததுமே வெடி நமுத்துப்போச்சுங்கிற."

"உண்மையச் சொன்னா கசக்கத்தான் செய்யும்."

"ஆயிரம் வாலா பூராவும் வெடிச்சாலும், புஸ்ஸுன்னு போன ஒண்ணத்தான் எல்லாரும் குனிஞ்சு பாப்பாக. அதான உன் கணக்கு?"

"அம்புட்டுப் பேரு என்னைய நம்பிப் பாக்குறாகலே!"

"பாக்குறாக. கீழ திட்டி எழுதிட்டுப் போறாக."

பேருந்து ஆமத்தூரைத் தாண்டியது. பிறகு தொழிலாளி குரலைத் தணித்தார்.

"சரி, விடு. இந்த வாரம் வந்த கேம முழுசா முடிச்சிட்டேன்னியே. தீபாவளி போனஸ அதுலதான் போடலாம்னு இருக்கேன். நெசமாச் சொல்லு, நல்லாருக்கா?"

"அவசரப்படாதலே. மத்தவங்க எம்புட்டுப் போடுறாகன்னு பாத்துட்டுச் சொல்றேன்."